எலுமிச்சம்பழத்த நம்பி கல்ல எடுத்தேன்

நான் படிச்சது அஞ்சாப்புதேன். அதுலயும் ரெண்டு வருசம் ஒரே பெஞ்சு. ஆனா கைவேலையில பெரிய கெட்டிக்காரன்னு எனக்கே ஒரு நெனப்பு.

வடமதுரையில எங்க வீட்டு வாசல்ல வச்சு ஒரு பழைய அம்பாசடர நானே சரி பண்ணேன். இஞ்சின ஓட விட்டேன், மூஞ்சி தெரியுற மாதிரி பெயிண்டு அடிச்சேன். பிரேக்க மட்டும் பொறவு பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். வாசல் சரிவுங்கிறதால முன்டயருக்கு ரெண்டு கல்லு முட்டுக் குடுத்திருந்தேன்.

வெள்ளிக்கெழம வண்டிக்குப் பூச. டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும்ல? கல்லு எடஞ்சலா இருக்குன்னு எடுத்துட்டு, அந்த எடத்துல பழத்த வச்சேன். எம்பொண்டாட்டி செல்வி வண்டிக்கு முன்னால நின்னு சூடம் காட்டுறா. பழம் நசுங்குற சத்தம் கேட்டுச்சு.

"ஏ செல்வி, ஒதுங்குடி!"ன்னு கத்தி அவ கையப் புடிச்சு இழுத்தேன். வண்டி எங்கள ஒரசிக்கிட்டுப் போயி வேப்பமரத்துல முட்டி நின்னுச்சு. அவ நின்ன எடத்துல சூடத்தட்டு அப்பளமாக் கெடந்துச்சு.

செல்வி குனிஞ்சு அந்தத் தட்ட எடுத்துப் பாத்தா. பொறவுதேன் கேட்டா: "ஏங்க, மூஞ்சி பாக்க பெயிண்டு அடிச்சீகளே, வண்டி நிக்கிறதுக்கு என்ன செஞ்சீக?"

இப்ப எந்தப் பழைய வண்டி கைக்கு வந்தாலும் மொத வேல பிரேக்குதேன், பெயிண்டு கடைசி. முன்டயருக்குப் பழம் வச்சா பின்டயருக்குக் கல்லு இருக்கும். சூடத்த நானே காட்டுறேன், அதுவும் பக்கவாட்டுல நின்னு.