ஸ்ரீரங்கத்துக்குப் பழைய பிக்கப் வண்டி பார்க்கப் போன கதை

ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சலவை வேட்டியோடு ஒரு பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வண்டி வாங்குகிறவன் முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

"யாருங்க அது உள்ள? ஏதாச்சும் விழுந்துட்டுதா?" என்று ஒரு குரல்.

"இல்லீங்க, வண்டி பாக்குறேன். வாங்கலாம்னு."

"விக்கிறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலியே."

அது வேறு வண்டி. வாழைத்தார் வியாபாரி ஒருவருடையது. நான் வெளியே வந்தேன். வேட்டியின் பின்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை என்பது பிறகுதான் தெரிந்தது. என் மகள் மல்லிகா பத்தடி தள்ளி நின்று, என்னை யாரென்றே தெரியாததுபோலக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்தது இந்த 1961ஆம் வருஷம் மே மாதம், ஒரு புதன்கிழமை. பழைய வண்டி வாங்கத் திருச்சிப் பக்கம் போகிறவர்கள் என்னைப்போல முழிக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பச்சைமலை அடிவாரம். துறையூருக்குப் பதினோரு மைல். ஒரே பஸ், அதுவும் காலை பத்தரைக்கு. ஹைஸ்கூல் ஒன்பதரைக்கே தொடங்கிவிடும். மல்லிகா எட்டாவது தேறிவிட்டாள். மேலே படிக்க வேண்டுமானால் துறையூர்தான். என் மனைவி கணக்கைச் சுருக்கமாக முடித்துவிட்டாள்: "ஜூனுக்குள்ள வண்டி வந்தா போவட்டும். வரலைன்னா வீட்டோட இருக்கட்டும், என் தம்பி எத்தனை நாள் காத்திருப்பான்?" தம்பிக்கு முப்பது வயது. மல்லிகாவுக்குப் பதின்மூன்று.

மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக்கிழங்கைத் துறையூருக்குக் கொண்டுபோய்ப் போடுவதுதான் என் பிழைப்பு, இதுவரை மாட்டு வண்டியில். பிக்கப் ஒன்று இருந்தால் விடிகாலையில் மலைக்கு ஏறிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு, இறங்கும் வழியில் அவளையும் முன்சீட்டில் உட்காரவைத்து, ஒன்பதுக்குள் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிடலாம். லாரி செட்டில் மூன்று வருஷம் இருந்து லைசென்ஸ் எடுத்தவன் நான். ஓட்டத் தெரியும். வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது, என் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடம்போல, எப்போதும் மசமசதான்.

முதல் நாளே துறையூர் போய் உறவினர் வீட்டில் தங்கிவிட்டோம். காலை ஆறு மணி பஸ். துறையூரிலிருந்து திருச்சி இருபத்தெட்டு மைல், டிக்கெட் ஒரு ரூபாய். மல்லிகாவுக்கு அரை டிக்கெட் போதும் என்று சாதித்துப் பார்த்தேன். கண்டக்டர் அவளையே கேட்டார், "வயசு என்னம்மா?" அவள் "பதிமூணு" என்றாள். எனக்கு இன்னொரு முழு ரூபாய் செலவு. மூவாயிரம் ரூபாய் இடுப்பில் துணிப்பையில் கட்டியிருந்ததால் வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "வயித்து வலிங்களா?" என்று கேட்டார்.

கொள்ளிடம் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம்தான். ஆனால் அங்கே இறங்க முடியாது. வண்டியைப் பார்த்துச் சொல்லக் கூட்டிப்போக வேண்டிய மெக்கானிக் காதர் பாய் இருப்பது பாலக்கரையில். ஆகவே காவிரியையும் தாண்டி, ஏழே முக்காலுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜட்கா பிடித்துப் பாலக்கரை போனோம். வாடகை எட்டணா, அதாவது ஐம்பது நயா பைசா. லாரி செட்டில் இருந்த காலத்திலிருந்தே பாயைத் தெரியும். ஐம்பது வயது, பேச்சு குறைவு. "டிபன் சாப்பிட்டுட்டீங்கல்ல? வாங்க" என்று ஒரு ஸ்பானரையும் தீப்பெட்டியையும் ஜோப்பில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுபடி சத்திரம், அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ், ஆளுக்குப் பதினைந்து நயா பைசா. ஒன்பதரைக்கு இறங்கினோம். பாய் டீ குடிக்க ஒதுங்கிய ஐந்து நிமிஷத்தில்தான் மேலே சொன்ன வாழைத்தார் சம்பவம்.

நாங்கள் பார்க்க வந்த நிஜமான வண்டி வடக்குச் சித்திரை வீதியின் கோடியில் இருந்தது. உடையவர் வரதாச்சாரி, கல்யாண சமையல் காண்டிராக்டர். அண்டா குண்டான்களை ஏற்றிப்போக வைத்திருந்த வண்டி, யுத்த காலத்து அமெரிக்கத் தயாரிப்பு. புது வேன் வாங்கிவிட்டதால் இதைக் கொடுக்கிறார். விலை மூவாயிரம்.

"வாங்கோ, வாங்கோ. ஆத்து வாசல்ல உங்களுக்காகக் குளிப்பாட்டி, பொட்டு வச்சு, தயாரா நிறுத்தியிருக்கோம். பன்னெண்டுக்கு ராகுகாலம். அதுக்குள்ள அட்வான்ஸைக் கொடுத்துட்டேள்னா மனசுக்குத் திருப்தி."

அப்போது மணி பத்து.

பாய் முதலில் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து வைத்தார். சூடு. "காலையிலேயே ஓட்டினீங்களா சாமி?" என்றார்.

"கொஞ்சம் உறுமவிட்டேன். வரவாளைக் காக்க வைக்கப்படாதோன்னோ."

"பரவால்லைங்க. ஆறட்டும்."

முக்கால் மணி நேரம் ஆறவிட்டார். எனக்கோ ராகுகாலம் மட்டும் ஆறாமல் கிட்டே வந்துகொண்டிருந்தது. இது நீங்களும் கவனிக்க வேண்டியது. சூடான எஞ்சின் யாருக்கும் கிளம்பும். ஆறிய எஞ்சின் எத்தனை சுற்றில் கிளம்புகிறது என்பதுதான் சேதி. எஞ்சினைக் கிளப்பும் ஹாண்டிலை முன்னால் செருகி நானே சுற்றினேன். நாலாவது சுற்றில் கிளம்பியது. பின்னால் புகை லேசாக நீலம் காட்டிவிட்டு வெளுத்தது. "ஆயில் கொஞ்சம் குடிக்கும், தாங்கலாம்" என்றார் பாய். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். இரண்டு விரல் ஆட்டம். எஞ்சின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக மல்லிகா வாசிக்க, நான் சரிபார்த்தேன். அவளுடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட மேல்.

கொள்ளிடக் கரை ரோட்டில் இரண்டு மைல் ஓட்டினேன். பிரேக் பிடித்தபோது வண்டி வலது பக்கமாக இழுத்தது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரோடு சரிவா இருக்கு பாய்" என்றேன். ரோடு சரிவாக இல்லை.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று இருபது. முன் பம்பருக்குப் பின்னால், சேஸின், அதாவது அடிச்சட்டத்தின், இரண்டு கொம்புகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்க வில்பட்டைகள் தொங்குவது அவற்றில்தான். இரண்டிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். இடது பக்கம் ஒரு ரூபாய் அகலப் பொட்டு. வலது பக்கம் உள்ளங்கை அகலம்.

பாய் இடது பக்கத்தில் பொட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தார். வலது பக்கம் வந்து குனிந்தார், நிமிர்ந்தார், நகர்ந்துவிட்டார். நான் கையை நீட்டினேன். பொட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் கை நின்றுவிட்டது. பூஜை போட்ட குங்குமத்தை யார் துடைப்பார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அது நல்ல காரணம். ஆனால் நிஜக் காரணம் அதற்குக் கீழே இருந்தது. துடைத்து, அங்கே ஏதாவது இருந்துவிட்டால்? ஜூனுக்கு நாலு வாரம்கூட முழுசாக இல்லை. இந்த விலைக்கு வேறு வண்டி கிடையாது. கையை மடித்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப முடிச்சுடலாமா?" என்றார் வரதாச்சாரி. வெற்றிலைத் தட்டு வந்தது. இடுப்புப் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். அவசரமாக இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது.

அந்த நேரத்தில் மல்லிகா வண்டிக்கு முன்னால் போனாள். காலையில் வைத்த சாந்துப் பொட்டு வியர்வையில் கரைந்துபோயிருந்தது. நம் வண்டி ஆகப்போகிறது என்ற சந்தோஷம் வேறு. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பெரிய பொட்டிலிருந்து மோதிர விரலால் கொஞ்சம் குங்குமம் எடுத்தாள்.

"தாராளமா இட்டுக்கோ குழந்தே" என்றார் வரதாச்சாரி.

காய்ந்த சந்தனம் பாளமாகப் பெயர்ந்து கீழே விழுந்தது.

பாய் அந்த இடத்தை ஒரு கணம் பார்த்தார். தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரும்பின் குறுக்கே, பிள்ளைகள் மண்ணில் கோடு கிழித்ததுபோல, கோணல்மாணலாக ஒரு வெல்டிங் தழும்பு. அதன் ஓரத்தில் மயிரிழையாய் ஒரு புது விரிசல்.

"சாமி, இது என்னங்க?"

வரதாச்சாரி குனிந்து பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. "ஐப்பசியில ஒரு கல்யாணத்துக்குப் போறச்சே பள்ளத்துல இறங்கித்து. டிரைவர் எங்கேயோ பத்தவச்சு ஓட்டிண்டு வந்தான். அதுக்கப்புறம் ஓடிண்டுதானே இருக்கு?"

"டவுன்ல ஓடும். இவங்க ஊரு மலைங்க. இறக்கத்துல இது விட்டுச்சுன்னா வீல் ஒரு பக்கம் போவும், இவங்க ஒரு பக்கம் போவாங்க."

"பொட்டு பெரிசா வச்சது என் ஆத்துக்காரிதான். அழகா இருக்கட்டுமேன்னு. மறைக்கணும்னு இல்லை, பெருமாள் சாட்சியா."

அதை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மல்லிகா விரலில் குங்குமத்தோடு, நெற்றியில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். "அப்ப ஸ்கூலு?" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

பாய்தான் வழி சொன்னார். அந்தக் கொம்பை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து ரிவிட் அடிக்க வேண்டும், மேலே தகடு போட வேண்டும், பாலக்கரையில் தன் கண்ணெதிரே நடக்க வேண்டும், செலவு சாமியுடையது, அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ். வரதாச்சாரி வாயைத் திறப்பதற்குள் மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. "ராகுகாலத்துல நான் ஒண்ணும் ஒத்துக்க மாட்டேன். சாப்பிட்டுட்டு ஒண்ணரைக்கு மேல பேசுவோம்" என்று, வண்டிக் கொட்டகையிலேயே எங்கள் மூவருக்கும் இலை போட்டுப் புளியோதரையும் தயிர்சாதமும் பரிமாறினார். பயத்திலும் அந்தப் புளியோதரை எனக்கு இறங்கியது. ஒன்று முப்பத்தைந்துக்கு ஒத்துக்கொண்டார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. எதிரே மாட்டு வண்டிகள். பாய் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அந்த எடம் நெருடலாத்தாங்க இருந்துச்சு. நீங்க கும்பிடுற பொட்டு, நான் கை வச்சா மரியாதை இல்லைன்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

"நானும் அப்படித்தான் பாய்" என்றேன்.

அவர் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்.

வண்டி ஜூன் முதல் வாரம் வந்து சேர்ந்தது. போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். வெயிலுக்கு முன் போய், எஞ்சினை ஆறவிட்டுக் கிளப்புங்கள். புதுப் பெயிண்ட் எங்கே அடித்திருக்கிறதோ அங்கே கூடுதலாகப் பாருங்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால் அடுத்த நல்ல நேரத்துக்குக் காத்திருங்கள், நாள்தோறும் ஒன்று வரும். பொட்டு இருந்தால், உடையவரையே கூப்பிட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துடைத்துவிட்டுப் புதுசாக வைத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. துறையூரிலிருந்து போகவர, சாப்பாடு நீங்கலாக, எங்கள் இருவருக்கும் ஆறு ரூபாய்க்குள் முடிந்தது. கறைபட்ட வேட்டி தனி.

இப்போது தினமும் காலை ஒன்பதுக்குள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறோம். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் மல்லிகாவோடு வருகிறாள். முதல் நாள் ஊர் எல்லை இறக்கத்தில் அந்தப் பெண் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பழைய வண்டியாச்சே, பயமா இல்லியா?" என்று கேட்டாள்.

"எங்கப்பா ஒரு எடம் விடாம பாத்துட்டுத்தான் வாங்குனாரு" என்றாள் மல்லிகா.

நான் கியரை மாற்றினேன். அந்த ஓர் இடத்தைத் தெரிந்தேதான் விட்டேன் என்று சொல்லவில்லை.