பன்னிரண்டாவது நாற்காலி

மோசஸ் பாவாடையை உதறிக் கல்லில் ஓங்கி அடித்தான். சோப்பு நுரை தெறித்து, குழாயடியில் வரிசை போட்டிருந்த குடங்களின் மேல் விழுந்தது.

“இன்னா மோசஸ் அண்ணா, எங்க ஊட்டுத் துணியும் கொண்டாந்து போடட்டா?” என்றாள் எதிர்வீட்டுத் தமிழ்செல்வி.

“கொண்டா. உன் ஊட்டுக்காரனையும் இட்டுக்கினு வா. அவன் தோய்க்கட்டும், நான் அலசித் தரேன்.”

“அவனா? அவன் தோய்ச்சா சட்டையில பொத்தான் மிஞ்சாது.”

பெண்கள் சிரித்தார்கள். மோசஸும் சிரித்தபடி அடுத்த துணியை எடுத்தான். அது மனைவி கன்னியம்மாவின் கம்பெனி யூனிஃபார்ம். கார் உதிரிப்பாகங்களைக் கோக்கும் வரிசையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவள். முன்கையெல்லாம் கிரீஸ்.

அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது, பளு தூக்கக் கூடாது என்றார் டாக்டர். பக்கெட் மோசஸின் கைக்கு வந்தது. அப்போது கவரைப்பேட்டைக் காலனியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம் என்றார்கள். அவள் தேறி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். பக்கெட் மட்டும் திரும்பிப் போகவில்லை. அதுதான் காலனிக்கு உறுத்தியது.

பைக் வந்து நின்றது. கோயில் கமிட்டித் தலைவர் எட்வர்ட்.

“மோசஸ், இங்க வா.”

“கை ஈரமா கீது. அங்கேர்ந்தே சொல்லுண்ணா.”

எட்வர்ட் பெண்களைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “பெரிய வியாழனுக்கு நாற்காலியில குந்தவெச்சுக் கால் கழுவற பன்னெண்டு பேர்ல உன் பேரை நான்தான் சொன்னேன். ஃபாதர் உன் காலைக் கழுவி முத்தம் குடுக்கப் போறாரு. நீ இன்னாடான்னா பொம்பளைங்க நடுவுல குந்திக்கினு பாவாடை தோய்க்கிறே. ஜனம் சிரிக்காது?”

“சிரிச்சுக்கினுதான் கீறாங்க. நானும் சிரிக்கிறேன்.”

“ஆபரேஷன் ஆனப்போ செஞ்சே, சரி. இப்போதான் நல்லா கீதே அது?”

“அப்போ ஆபரேஷனுக்காகத் தோய்ச்சேன். இப்போ பொண்டாட்டிக்காகத் தோய்க்கிறேன்.”

“புருஷன்தான்டா குடும்பத்துக்குத் தலை. பைபிள்லயே கீது.”

“அந்த வரியை முழுசாப் படிண்ணா. ஆண்டவரு மாதிரி தலைன்னு கீது. அவரு துண்டை இடுப்புல கட்டிக்கினு சீடருங்க காலைக் கழுவக் கீழ குனிஞ்சாரு.”

தமிழ்செல்வி வாய்க்குள் சிரித்தாள். எட்வர்டுக்கு முகம் கறுத்தது. “வியாழக்கிழமை காலைல உன்னை இந்தக் குழாயாண்ட பார்த்தேன், நாற்காலி கெடையாது. அவ்ளோதான்.”

பைக் போன பிறகும் மோசஸ் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆனால் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவன் அப்பா சாகும்வரை அந்தக் கோயிலில் மணி அடித்தவர். பெரிய வியாழன் தோறும் பன்னிரண்டு நாற்காலியையும் துடைத்து வரிசையாகப் போட்டவர். ஒரு தடவைகூட உட்காரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பூசையில் மோசஸின் பேரை வாசித்த அன்றே, அவன் கும்மிடிப்பூண்டிக்குப் போய் வெள்ளைச் சட்டை எடுத்து வந்திருந்தான்.

வியாழக்கிழமை காலை, பக்கெட்டைக் கன்னியம்மா எடுத்து வைத்திருந்தாள்.

“இன்னிக்கு ஒரு நாள் நான் தோய்க்கிறேன்யா. நீ போய் நாற்காலியில குந்து. உங்கப்பா குந்தலை.”

“இன்னிக்கு ஒளிஞ்சுக்கினா, இத்தினி நாள் தப்பு பண்ணேன்னு ஆவும். உன் துணியைத் தோய்க்கறது தப்பா?”

“எனக்குத்தான்யா பேஜாரு. புருஷனை வேலை வாங்கறவள்னு என்னைத்தான் பேசறாங்க.”

“வாங்குனியா?”

“இல்ல.”

“அப்போ வுடு பக்கெட்டை.”

அவள் உடனே விடவில்லை. கைப்பிடியில் இரண்டு பேர் கையும் இருந்தது. வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. விட்டுவிட்டு ஓடினாள்.

மோசஸ் குழாயடிக்குப் போனான். எட்வர்டின் பைக் மெதுவாக அந்தப் பக்கம் வந்தது. நிற்கவில்லை. மோசஸ் பாவாடையை எடுத்து, தெருமுனை வரை சத்தம் கேட்கும்படி அடித்தான்.

சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனான். பன்னிரண்டாவது நாற்காலியில் எட்வர்டின் மச்சான் ஸ்டீவன் உட்கார்ந்திருந்தான். மோசஸ் தூணோரம் நின்றுகொண்டான். கன்னியம்மா ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

கழுவுவதற்கு நீட்டும் காலை வீட்டிலேயே கழுவிக்கொண்டு வருவது அங்கே வழக்கம். அழுக்குக் காலை ஃபாதர் முன்னால் நீட்டுவது மரியாதையில்லை. பன்னிரண்டு பேரும் குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். ஃபாதர் ஒவ்வொரு காலிலும் தண்ணீர் ஊற்றி, புதுத் துண்டால் துடைத்து, முத்தமிட்டார்.

பூசை முடிந்தது. ஈரத் துண்டுகள் பீடத்துக்குக் கீழே குவிந்து கிடந்தன. அவற்றைத் துவைத்துத் தருவது மாதா சபைப் பெண்களின் முறை. இந்த வருஷம் கன்னியம்மாவின் முறை. நாளெல்லாம் நின்ற காலோடு எழுந்து முன்னால் போனாள். அவள் குனிவதற்குள் மோசஸ் துண்டுகளை அள்ளித் தோளில் போட்டான். வெள்ளைச் சட்டை நனைந்தது.

“மோசஸ், அது பொம்பளைங்க வேலை. வெச்சிட்டுப் போ,” என்றார் எட்வர்ட்.

வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

“நாற்காலியை நீ எடுத்துக்கினேண்ணா. நான் கேக்கலை. துண்டு எங்க ஊட்டு முறை. நாளைக்குக் குழாயாண்டதான் தோய்ப்பேன். வந்து பாரு. ஸ்டீவனையும் இட்டுக்கினு வா.”

யாரோ சிரித்தார்கள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. எட்வர்ட் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாக இரண்டடி பின்னால் வருகிற கன்னியம்மா, அன்று அவன் பக்கத்திலேயே நடந்தாள். “சட்டை புதுசு,” என்றாள். “அதை நான் தோய்ப்பேன். பேசாத.”

மறுநாள் பெரிய வெள்ளி. கன்னியம்மாவின் கம்பெனியில் லீவு இல்லை. காலை பஸ்ஸில் போனாள். போகும் முன்பே சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். தான் வேலை பார்க்கும் மில்லில் லீவு சொல்லிவிட்டு மோசஸ் வீட்டில் இருந்தான். குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது. துண்டுகளை முதலில் நனைத்தான். ஒன்றிலும் அழுக்கில்லை, பவுடர் வாசனை இருந்தது. ஒரு தடவை அலசிப் பிழிந்தான். அவளுடைய முந்தின நாள் யூனிஃபார்மில் கிரீஸ் இருந்தது. அதற்கு இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது. எட்வர்ட் வரவில்லை. மத்தியானத்துக்குள் துண்டுகள் காய்ந்தன. மடித்துக் கோயிலில் கொடுத்தான். சிலுவைப்பாதை முடியும்வரை பின்வரிசையில் நின்றான். வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தான்.