நாடாவின் தலைப்பில் ஒரு துண்டுத் தோல்

என் மேசை இழுப்பறையில் ஓர் அளவு நாடா இருக்கிறது. ஐம்பது அடித் துணி நாடா. வட்டமான உறைக்குள் சுருண்டு கிடக்கும், பக்கத்தில் சுற்றுவதற்குப் பித்தளைக் கைப்பிடி. முனிசிபாலிடியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது நான்தான் எடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதன் தலைப்பில் ஓர் அடி நீளத்துக்கு ஆட்டுத்தோல் வைத்துத் தைத்திருக்கிறது. அந்தத் தோலைக் கொடுத்த அம்மாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் அவளை 'நீ' என்றுதான் பேசினேன், எங்களில் எல்லோரும் அப்படித்தான். 'அம்மாள்' என்பது இப்போது, காகிதத்தில் வந்த மரியாதை.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே, பாலாற்றங்கரையில் இருந்த சிறிய முனிசிபாலிடி அது. சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு நான் குமாஸ்தா. ஒருவர் தம் சொந்தக் கொல்லையில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைச் சட்டம் வெகு அக்கறையாக எழுதி வைத்திருந்தது. பன்றி வளர்க்க லைசென்ஸ், வைக்கோல் போர் போட லைசென்ஸ், தோல் ஊறவைக்க லைசென்ஸ். மூச்சு விடுவதைத்தான் விட்டு வைத்திருந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே முப்பது அடி இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒரு விதி. கெட்ட விதி என்று இன்றும் சொல்லமாட்டேன். சுண்ணாம்பு இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேரும்போதே நாடாவின் முதல் அடி அறுந்து போயிருந்தது. புது நாடா கேட்டு எழுதிய காகிதம் மேலே போனது போனதுதான். ஆகவே அறுந்த முனையைச் சுவரில் வைத்து அளப்போம். இன்ஸ்பெக்டர் மறுமுனையில் எண்ணைப் படிப்பார், நான் ஒன்று கழித்து எழுதுவேன். நாலு வருஷம் இப்படியே நடந்தது. கடைசியில் கழிப்பது என் மனம் செய்த வேலையாக இல்லை, கை தானாகவே செய்தது.

அந்த அம்மாள் விதவை. கோயிலுக்குத் தவறாமல் போகும் கிறிஸ்தவப் பெண். புருஷன் விட்டுப்போன ஒரே ஒரு சுண்ணாம்புத் தொட்டியையும் இரண்டு மரப்பீப்பாய்களையும் வைத்துக்கொண்டு, ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டுத் தோல் மண்டிக்குக் கொடுத்து வந்தாள். ஒருநாள் லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவளிடம், நாடாவுக்கு ஒரு துண்டுத் தோல் வேண்டும் என்றேன். மறுநாளே கொண்டுவந்தாள். நான் காசு கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சந்தையில் செருப்புத் தைப்பவர் அதை நாடாவின் முனையில் தைத்தார். இன்ஸ்பெக்டர் மைதொட்டு அங்குலக் கோடுகள் போட்டார். நாடா முழுசாகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் அளக்கப் போனது அவள் கொல்லையைத்தான். தொட்டி ஓரத்தில் தோல் முனையை நான் பிடித்தேன். கிணற்று ஓரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் 'முப்பது' என்றார். நான் இருபத்தொன்பது என்று எழுதினேன். ஆபீசில் போய் மற்றக் காகிதங்களோடு இந்த உத்தரவிலும் அவர் கையெழுத்துப் போட்டார். தொட்டியைத் தூர்க்க வேண்டும் அல்லது கிணற்றை மூட வேண்டும், பதினைந்து நாள் கெடு.

நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் முகாமில் இருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு சட்டம் தெரிஞ்சவரு ஐயா. இருபது மொழம் போட்டுத்தான் தொட்டி தோண்டினாரு."

முழத்துக்கு ஒன்றரை அடி, இருபது முழம் முப்பது அடிதான். யார் முழம் என்று நான் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்படியானால் கிணற்றை மூடிவிட்டுத் தெருக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள், அது முனிசிபாலிடி கிணறு, எல்லோருக்கும் பொது என்றேன். போர்டே இருக்கிறது என்றும் சொன்னேன்.

"போர்டு இருக்குது. எங்கள யாரு எறங்க வுடறாங்க?"

எனக்கு அது தெரியாததல்ல. அந்தக் கிணறு இருந்தது என் தெருவில்.

கெடு முடிவதற்குள் தொட்டியைத் தூர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு பெரிய சாயபு மண்டியின் கொல்லையை அளக்கப் போனோம். இன்ஸ்பெக்டர் 'நாற்பது' என்றார், நான் முப்பத்தொன்பது என்று எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இன்னாத்துக்கு ஒண்ணு கழிக்கிற? தலைப்புலதான் தோல் போட்டாச்சே."

அடித்துத் திருத்தினேன். அவள் கொல்லையிலும் இப்படித்தான் கழித்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் நேர்மையானவர், அங்கேயே சொல்லியிருந்தால் அவள் உத்தரவையும் திருத்தியிருப்பார். என் பேரிலும் ஒரு கண்டனக் குறிப்பு எழுதியிருப்பார். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கொல்லைக்குப் போனேன். தொட்டி இருந்த இடத்தில் ஆற்றுமணல் மேடாக இருந்தது. பீப்பாய்களை விற்றுவிட்டாளாம். அதே சாயபு மண்டியில் மயிர் சுரண்டும் கூலிக்குப் போவதாகச் சொன்னாள். சுண்ணாம்பில் விரல் நுனிகள் வெந்திருந்தன. தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் குடித்திருக்கமாட்டேன். அவள் புருஷன் போட்ட முழம் சரிதான், தப்பு என் கையில் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் கிணற்றையும் மணலையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இத இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க?"

வந்த வழியே திரும்பிவிட்டேன். இன்ஸ்பெக்டரிடம் கடைசிவரை சொல்லவில்லை. என் வேலை நிரந்தரமாயிற்று, தலைமைக் குமாஸ்தாவாகி ஓய்வும் பெற்றேன். அவள் மண்டிக்கும் வீட்டுக்குமாக நடந்துபோவதை வழியில் பல வருஷம் பார்த்தேன். அவள் தலை குனிந்து போனதில்லை. நான்தான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இன்று காலை நாடாவை இழுத்துப் பார்த்தேன். துணி நைந்து, எண்கள் அழிந்து, பத்தடிக்கு மேல் இழுத்தால் கிழிகிறது. தோல் மட்டும் இன்னும் மிருதுவாக இருக்கிறது, நல்ல கை பதனிட்ட தோல். பேரனின் பள்ளிக்கூட அளவுகோலை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் சுருங்கவும் இல்லை, நீளவும் இல்லை. சரியாக ஓர் அடி இருக்கிறது.