மலையடிக் கல்லுக்கு மஞ்சள்

என் மகள் ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஊருக்குப் பின்னால் மரமே இல்லாத ஒரு குன்று. உச்சியில் ஏதோ பழைய கோட்டையின் மண்மேடு, அடிவாரத்தில் ஆடுகள் மேயும் புல்வெளியில் ஆள் உயரக் கல் ஒன்று. அதை யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று சுற்றுப்பட்ட ஊர்களில் ஒருவருக்கும் தெரியாதாம்.

என் மனைவி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். பர்மாவில், எங்கள் தின்கன்ஜூன் வீட்டில், மகள் அனுப்பிய படத்தைப் போனில் மூக்கருகே பிடித்துக்கொண்டு, "அது முருகன் மலை. கீழ நிக்கிறது காவக்காரன்" என்றாள். ஆச்சரியமில்லை. இங்கே மரத்தடியில் பர்மியர்கள் வைத்திருக்கும் நாட் தேவதை மாடத்தைக்கூடப் பூ வைக்காமல் தாண்டமாட்டாள்.

அப்போது மகளுக்கு விசா முடிய இருந்தது. நீட்டிக்கக் கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்பது என் மனைவியின் ஆசை. வந்து இங்கே என்ன செய்வாள் என்பது என் கவலை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

"அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, விசா விஷயமா நல்லா வேண்டிக்கம்மா" என்று உத்தரவு போனது. என்ன வேண்டுவது என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று இவள் நினைத்தாள்.

அடுத்த முறை இங்கே கரண்ட் இருந்த நேரத்தில் மகள் கூப்பிட்டாள். மனைவி அடுப்படியில் இருந்தாள். மஞ்சள் பூசியதை நாயோடு நடக்க வந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டாராம். அது புராதனச் சின்னம், தொடவே கூடாது என்று பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கழுவ வைத்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அம்மா சொன்னபடி வேண்டிக்கிட்டியா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "வேண்டுனேன்ப்பா. என்னைத் திருப்பி அனுப்பிறக் கூடாதுன்னு வேண்டுனேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே பிறகு வலித்தது.

போனை வைத்ததும் மனைவி ஈரக்கையோடு வந்தாள். "என்ன சொன்னா?"

"கல்லக் கழுவ வச்சுட்டாங்களாம்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"கழுவினா என்ன? புள்ள மனசார வேண்டியிருக்கால்ல, சாமி குடுக்கும்" என்றாள்.