தில்லை நகரில் ஒரு கிண்ணம் ஜப்பான்

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஓசூரில் பஸ் ஏறினேன். சேலத்தில் இறங்கி வேறு பஸ். இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் 345 ரூபாய். தூரம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். நாமக்கல் தாண்டி முசிறி வந்ததும் காவிரி வலப்பக்கமாகக் கூடவே வரத் தொடங்கியது. ஒன்றேகாலுக்கு நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கினேன். கொள்ளிடம் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதிக்கு ஆட்டோ 120 கேட்டது. பேரம் பேசவில்லை. மனம் அவ்வளவு குஷியாக இருந்தது.

குஷிக்குக் காரணம், தில்லை நகரில் அன்று திறக்கப்பட்ட நான்கு தளக் கடை. ஜப்பானின் ஓவியம், கைவினை, உடை, உணவு என்று தளத்துக்கு ஒன்று. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். கடையின் உரிமையாளர் செந்தில், ஜப்பானில் பதினோரு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வைக்கும் தமிழ் அட்டைகளை என்னிடம்தான் எழுதி வாங்கினார்.

ஸ்ரீரங்கத்தில் தங்கியது வைதேகி வீட்டில். கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அவள் கணவருக்குக் கோயிலில் கைங்கரியம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்களில் வீட்டிலும் கோயிலிலும் அல்லாமல் வேறெங்கும் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவளைக் கடைக்குக் கிளப்புவதற்கே அரை மணி நேரம் பிடித்தது.

"பார்க்கறதுக்கு வரேன். சாப்பிடறதுக்கு இல்லை."

"சாப்பாட்டுத் தளம் முழுக்க வெஜிடேரியன்டி. முட்டைகூடக் கிடையாது. அந்த அட்டையை எழுதினதே நான்தான்."

"நீயே எழுதினியா?" என்று கேட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அப்போ சரி."

மாலை நான்கு மணி. சத்திரம் பஸ் நிலையம் வரை டவுன் பஸ், பெண்கள் என்பதால் எங்கள் இருவருக்கும் இலவசம். அங்கிருந்து ஆட்டோ 80 ரூபாய்.

தரைத்தளத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஓவியங்கள். மலை, மழை, குடையோடு ஓடும் மனிதர்கள். ஒரு ஓவியம் 6,500 ரூபாய். முதல் மாடியில் மூங்கில் கூடைகளும் கையால் செய்த காகிதமும். ஒரு களிமண் கிண்ணம் 2,400 என்றதும் வைதேகி அதைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டாம் மாடி உடைகளுக்கு. அவுரி நீலத்தில் சாயமேற்றிய பருத்தி அங்கி ஒன்றின் மடிப்பை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குத் தனி இடம் விட்ட காலுறை 650 ரூபாய். அதைக் கையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "மெட்டியைக் கழட்டாமலே போட்டுக்கலாம் போலருக்கே!" என்று சிரித்தாள். அவள் அன்றைக்குச் சிரித்தது அதுதான் கடைசி.

மூன்றாம் மாடி ஏறும்போது மணி ஐந்து. நாற்பது பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் குடும்பங்கள். வாசலில் என் அட்டை பெரிதாக அச்சிட்டு நின்றது: 'இங்கே பரிமாறப்படும் அனைத்தும் முழுச் சைவம்.' கோதுமை நூடுல்ஸ், சோயாக்கட்டி, கீரை, மேலே சூடான தெளிந்த ரசம் போன்ற சாறு. கிண்ணம் 320. இரண்டு வாங்கினேன். பரிமாறியவர் சமையல்காரர் நசீர், பாலக்கரைக்காரர். சிங்கப்பூரில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் ஆறு வருடம் இருந்தாராம்.

வைதேகி சாற்றை ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். "சாத்தமுது மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ஆனா நன்னாருக்கு" என்றாள். ரசத்தை அவர்கள் வீட்டில் சாத்தமுது என்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தண்ணீர் வாங்க அடுப்புப் பக்கம் போனேன். நசீர் ஒரு கருப்புப் பாட்டிலிலிருந்து பானையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜப்பானிய எழுத்து எங்கே தெரிந்தாலும் கண் தானாகப் படித்துவிடும், தொழில் பழக்கம். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். சோயா, சர்க்கரை, உப்பு, 'கட்சுவோ'. உலர்த்திய சூரை மீன்.

பாட்டிலைக் கையில் வாங்கி மறுபடி படித்தேன்.

"என்னங்க மேடம்?" என்றார் நசீர்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"கடல்பாசி போட்ட சாறுதாங்க ஊத்தணும். அந்த சரக்கு வரலை. காலையில செந்தில் அண்ணன் அவர் வீட்ல இருந்த பாட்டிலைக் கொண்டாந்து குடுத்தாரு. எல்லாம் சோயாதானேன்னாரு. ஏங்க?"

பாட்டிலோடு செந்திலைத் தேடிப் போனேன். அவர் விருந்தினர்களுக்கு நடுவே நின்றிருந்தார். மாடிப்படிக்கு அழைத்து, லேபிளைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மேடம், நான் யோசிக்கலைங்க. அங்க பதினோரு வருஷம் இதைத்தான் ஊத்திச் சாப்பிட்டேன். சத்தியமா யோசிக்கலை."

"சரி, இப்ப சொல்லிடுங்க."

"இருபது பேர் சாப்பிட்டாச்சு. இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? இன்னிக்குத்தான் திறந்திருக்கேன். வீட்டை அடமானம் வெச்சு எடுத்த கடைங்க இது. ஒரு மணி நேரம் குடுங்க. அடுத்த பானையில அது இல்லாம போடச் சொல்லிடறேன். யாருக்கும் தெரியாது. படிக்கத் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தான்."

நான் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படியில் நின்றபோது அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அட்டையில் இருப்பது என் எழுத்து. 'யாருக்கும் தெரியாது' என்பது எனக்கும் சேர்த்துத்தான் வசதி. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். வைதேகி கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் மிச்சமிருந்த சாற்றையும் குடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். அதற்குள் அடுப்பு அணைந்திருந்தது. நசீர் எங்கள் பின்னாலேயே வந்து பேச்சைக் கேட்டிருக்கிறார். வரிசையில் நின்றவர்களிடம், "கொஞ்சம் இருங்க, இனி பரிமாறலைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வைதேகியின் காதோரம் குனிந்து, சாற்றில் மீன் சேர்ந்ததையும் பாட்டிலைக் கொண்டுவந்தது செந்தில் என்பதையும் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்து, வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பிறகு நான் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். மாலை போட்டு விரதத்தில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். நாலைந்து போன்கள் உயர்ந்தன. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் நேராக அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் நசீரின் ஏப்ரனைப் பிடித்தார்.

"உன் பேரு என்னடா?"

"நசீருங்க."

"ஓ… வேணும்னே பண்ணியிருக்கே!"

கூட்டம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. போன்களும் அந்தப் பக்கமே திரும்பின. செந்தில் கதவருகே அசையாமல் நின்றார். நசீர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காலிக் கைகளை எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டார். பாட்டில் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"அவரை விடுங்கோ!"

வைதேகி. வகுப்பெடுக்கும் குரல் அது; கடைசி பெஞ்ச் வரை போகும்.

"அடுப்பை அணைச்சது அவர். அவரைப் பிடிச்சுண்டு என்ன கேக்கறேள்? பாட்டிலைக் குடுத்தவர் அதோ வாசல்ல நிக்கறார். சைவம்னு எழுதினவ இதோ என் பக்கத்துல நிக்கறா. நானும் ஒரு கிண்ணம் முழுக்கக் குடிச்சிருக்கேன். கோவிச்சுக்கற உரிமை எனக்கும் இருக்கு. சரியான ஆளைக் கோவிச்சுக்கோங்கோ."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மனிதரின் கை ஏப்ரனிலிருந்து மெல்ல நழுவியது. அப்போதுதான் செந்தில் உள்ளே வந்தார். கைகூப்பி, "தப்பு என்னோடதுங்க. என்னோடது மட்டும்தான்" என்றார். கத்தியவர்கள் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டார்.

ஆறேகாலுக்கு வெளியே வந்தோம். படியிறங்கும்போது நசீர் வைதேகியிடம், "சிங்கப்பூர்ல ஒவ்வொரு தட்டையும் ஹலாலான்னு கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட்டேன்மா. கேட்டவங்களுக்கு நானே தப்பா குடுத்துட்டேனே" என்றார். "உங்களுக்குத் தெரியாதே" என்றாள் அவள்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. 220 ரூபாய். வீட்டுக்குப் போனதும் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். அன்று அவள் அடுக்களைக்குள் நுழையவில்லை. அவள் கணவர்தான் தளிகை பண்ணினார். அவரிடம் எல்லாவற்றையும் என் முன்னாலேயே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, "தெரிஞ்சு பண்ணலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனார்.

ஈரத் தலையோடு என் எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன். பாட்டிலைப் பார்த்ததுக்கும் எங்கிட்ட சொன்னதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒரு நிமிஷம்… இருக்கும்."

தலையை ஆட்டினாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் டோல்கேட் வரை கொண்டுவிட்டாள். பஸ் வந்ததும், "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. நான் எடுக்கலைன்னா மறுநாள் பண்ணு" என்றாள். அன்று பிற்பகல் ஓசூரில் இறங்கிக் கூப்பிட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது.

மறுநாள் அலுவலகத்தில் ஓர் இயந்திரத்தின் கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்திருந்தது. 'தொடாதே' என்ற ஒற்றைச் சொல்லை மூன்று முறை சரிபார்த்தேன். நூற்றுக்கணக்கான அட்டைகளை எழுதியிருக்கிறேன். எதையும் என்னை நம்பி யாரோ வாயில் வைப்பார்கள் என்று நினைத்து எழுதியதில்லை. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள்.

"வைதேகி, ஒரு நிமிஷம் இல்லைடி. நாலு. முதல்ல செந்தில்கிட்டதான் போனேன்."

"தெரியும்" என்றாள். "எனக்கு எதிர்ச் சுவத்துல கடிகாரம் இருந்தது. நீ எங்க போனேன்னு அதைப் பார்த்துண்டேதான் குடிச்சேன்."

பின்னால் அவள் வீட்டில் பிள்ளைகள் வாய்ப்பாடு போல எதையோ ஒப்பிக்கும் சத்தம் கேட்டது.

"சேலத்துல பஸ் உடனே கிடைச்சுதா?" என்று கேட்டாள்.