கோலார் குடும்பம் கேட்ட கீழ் ரூம்

முதல் நாள்

லாட்ஜ் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி நாயுடு என் கையில் ஒரு விளக்குமாற்றையும் ஒரு புதுக் கொசுவலையையும் கொடுத்தார். "இது ரெண்டையும் வச்சிக்கிட்டு எனக்குக் குடும்பங்களைக் கொண்டாம்மா கமலா," என்றார்.

ஐம்பதுகளில் நடந்தது இது. ஓசூர் அப்போது சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே நான்கு ரூம், மேலே ஆறு ரூம், பின்னால் கிணறு, சமையல் கட்டு, ஒரு வைக்கோல் ஷெட். எங்கள் லாட்ஜ் அவ்வளவுதான். மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள், பட்டுக்கூடு வாங்க வருகிறவர்கள், புளி மண்டிக்காரர்கள் என்று ஆண்கள் மட்டும்தான் தங்குவார்கள். பெண்டு பிள்ளைகளோடு வருகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் சத்திரத்துக்குப் போவார்கள். லாட்ஜ் என்றாலே அன்றைக்கு நல்ல பேர் கிடையாது.

ஆனால் வருஷா வருஷம் தேர்த் திருவிழாவை ஒட்டி எதிர் மைதானத்தில் ராட்டினக்காரர்கள் கூடாரம் போடுவார்கள். பெரிய ராட்டினம், சுற்றுகிற மரக்குதிரைகள், மோட்டார் சைக்கிள் ஓடும் மரணக்கிணறு எல்லாம் வரும். மாலூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக ஜனம் வந்து இறங்கும். அவ்வளவு பேரும் லாட்ஜ் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பார்த்து முதலாளிக்கு வயிறு எரிந்தது. பொம்பளை ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் பொம்பளைகள் உள்ளே வருவார்கள் என்று யோசித்து, சமையல்காரரின் மனைவியான என்னை வேலைக்கு எடுத்தார்.

உத்தனப்பள்ளியிலிருந்த என் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "யாராச்சும் கேட்டா ஆஸ்பத்திரியில ஆயா வேலைன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

அப்பாக்கள் கேட்பதும் அம்மாக்கள் கேட்பதும்

ஃபேமிலி ரூம் காட்டுகிற வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது இது. பிள்ளைகளோடு ஒரு பார்ட்டி வந்தால், அப்பா மாடி ரூமைத்தான் கேட்பார். "ராட்டினம் தெரியற மாதிரி குடுங்க" என்பார். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்கும், தனக்குப் பெருமையாக இருக்கும் என்று அவர் கணக்கு. அம்மாக்கள் ராட்டினத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். கக்கூஸ் எங்கே, கிணற்றுக்குச் சுவர் உண்டா, விடிந்ததும் பால் கிடைக்குமா, பிள்ளை ஈரம் பண்ணிவிட்டால் மாற்றுப் பாய் உண்டா. அவர்கள் கேட்பது இவ்வளவுதான்.

மாடி ஜன்னலுக்குக் கம்பி அகலம். இரண்டு வயதுப் பிள்ளையின் தலை உள்ளே போகும். படிக்கட்டோ செங்குத்து. முதலாளி கேள்விப்பட்டால் கோபப்படுவார் என்று தெரிந்தும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு நான் மாடி ரூமைக் காட்டுவதில்லை. "மேல ஒழுகுது" என்று சொல்லிவிடுவேன்.

"பங்குனி மாசத்துல எப்படி ஒழுகும்?" என்று ஒருவர் மடக்கினார்.

"எங்க லாட்ஜ்ல ஒழுகுமுங்க," என்றேன். அவர் மனைவி சிரித்துவிட்டார். கீழ் ரூமையே எடுத்தார்கள்.

அப்படி முதல் திருவிழாவில் மூன்று நான்கு குடும்பங்கள் வந்து போயின. முதலாளிக்குத் திருப்தி இல்லை. மொத்தமாக ரூம் எடுக்கும் வியாபாரிகளுக்கே கீழ் ரூம்களையும் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷத் திருவிழாதான் எனக்குப் பரீட்சை.

கோலார்க்காரர்கள்

அந்த வருஷம் தேருக்கு முதல் நாள், உச்சி வெயிலில் ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண் ஒன்று, அதற்கு இளையவன் ஒருவன், இடுப்பில் ஒரு பொடியன். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவர். பேர் துரைராஜ். மனைவி அஞ்சலை. பிள்ளைகளுக்கு ராட்டினம் காட்டுவதாக வாக்குக் கொடுத்து, லீவு சொல்லி, மாலூர் வழியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

"உள்ள வாங்க," என்றேன். யாரும் அசையவில்லை. அந்தப் பெண் பிள்ளை, செல்வி என்று பேர், அப்பாவின் சட்டையை இழுத்து மெதுவாகக் கேட்டது.

"இங்கயும் கேப்பாங்களாப்பா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர்கள் ஒரு சத்திரத்துக்குப் போயிருக்கிறார்கள். நீங்க எந்த ஆளுங்க என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"இங்க கேக்கறதெல்லாம் பிள்ளைங்களுக்குப் பால் காலையில வேணுமா, சாயங்காலமும் வேணுமான்னுதான்," என்றேன்.

அஞ்சலை அப்போதும் சிரிக்கவில்லை. "மாடிப்படி இல்லாத ரூம் கீதுங்களாம்மா?" என்றாள். "இந்தச் சின்னது ஏறிடும், எறங்கத் தெரியாது."

நான் ரூம் காட்டிய இத்தனை வருஷத்தில் அவளைப்போல் ரூம் பார்த்தவர்கள் இல்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டு மூலை மூலையாக மூட்டைப்பூச்சி தேடினாள். ஜன்னல் கம்பிக்குள் தன் கையை மடக்கி விட்டுப் பார்த்தாள். கதவுத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா என்று இரண்டாவது பையனை நிறுத்தி அளந்தாள். கிணற்றங்கரைச் சுவரைக் கையால் தட்டினாள். கீழே மூன்றாவது ரூம் அவளுக்குப் பிடித்தது. ஜன்னல் வழியாக ராட்டினத்தின் மேல் பாதி தெரிந்தது.

"பாதி போதும்," என்றாள். "மீதிய நேர்ல பாத்துக்கலாம்."

அப்போதுதான் சிரித்தாள்.

மண்டிக்காரர்

கிருஷ்ணகிரியிலிருந்து வரும் புளி மண்டிக்காரர் ஒருவர் எங்கள் பெரிய பார்ட்டி. தனக்கும் கூட்டாளிகளுக்குமாக மேலே மூன்று ரூம் எடுப்பார். வருஷம் பூராவும் வருகிறவர். அன்றைக்கு அவர் சத்திரத்து வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைப் பார்த்திருக்கிறார். லாட்ஜுக்குத் திரும்பி வந்தால், அதே அஞ்சலை எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.

நேராகக் கவுன்ட்டருக்கு வந்தார். "நாயுடு, உங்க கெணத்துல யாரு தண்ணி எறைக்கிறான்னு தெரியுமா உமக்கு? அவங்க இருந்தா நாங்க இல்ல. நாங்க இருந்தா அவங்க இல்ல. பேசிட்டுச் சொல்லும்." சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி என்னைச் சமையல் கட்டுக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, பின்னாடி ஷெட் காலியாத்தானே இருக்கு? வைக்கோலைத் தள்ளிட்டுக் கட்டில் போட்டுக் குடு. அந்தப் பக்கத்துத் தொட்டியில தண்ணி எடுத்துக்கட்டும். ரூம்ல மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கணும்னு சொல்லு."

"அந்தம்மா கட்டிலைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் ரூமே எடுத்தாங்க. அவங்ககிட்டப் போயி பூச்சின்னு சொல்லச் சொல்றீங்களா?"

"வேற ஏதாச்சும் சொல்லு."

"குடும்பத்தைக் கொண்டான்னு சொன்னீங்க. கொண்டாந்திருக்கேன். வெளிய அனுப்பற வேலைக்கு என்னைச் சேக்கலீங்க. சொல்றதா இருந்தா நீங்களே போய்ச் சொல்லுங்க."

சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. என் வேலையோடு என் வீட்டுக்காரர் வேலையும் சேர்ந்து போகும். அவர் அடுப்பு முன்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சட்டியிலிருந்த பாலை மூன்று டம்ளரில் ஊற்றி, சர்க்கரையைப் போட்டு ஆற்றி, என் கையில் கொடுத்தார். "ஆறறதுக்குள்ள கொண்டுபோய்க் குடு," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதலாளி முன்னால் போனார். நான் பால் டம்ளர்களோடு பின்னால் போனேன்.

ரூம் கதவு திறந்திருந்தது. துரைராஜ் பெட்ஷீட்டின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்து, அதற்குள் இரண்டு பையன்களையும் உட்கார வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். அவன்கள் கத்திய கத்தலில் முதலாளி வந்தது அவருக்குத் தெரியவில்லை. செல்விக்குத் தெரிந்தது. அது முதலாளியின் முகத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு யாரும் சொல்லாமலே கட்டிலிலிருந்து இறங்கி, கொடியில் காய்ந்த தம்பியின் சட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தது. அடுத்து தன் பாவாடையை எடுத்தது.

"ஏம்மா, துணிய எதுக்கு எடுத்து வைக்கிற?" என்று கேட்டார் முதலாளி.

"காலி பண்ணச் சொல்லத்தானே வந்தீங்க தாத்தா?"

பெட்ஷீட் ஆட்டம் நின்றது. துரைராஜ் திரும்பினார். அஞ்சலை சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதலாளி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. ஆனால் அவர்களில் ஒன்றும் இப்படித் துணி மடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததில்லை.

"இல்லம்மா," என்றார் கடைசியில். "ராட்டினத்துக்குப் போறப்ப முன் வாசல் வழியா போங்கன்னு சொல்ல வந்தேன். பின்பக்கம் சேறா இருக்கு. சின்னப் பிள்ளைங்க வழுக்கி விழுந்துடும்." என் பக்கம் திரும்பி, "பாலைக் குடும்மா, நிக்கறியே," என்று ஒரு அதட்டல் வேறு.

கவுன்ட்டருக்குத் திரும்பியவரிடம் மண்டிக்காரர், "என்ன நாயுடு, பேசியாச்சா?" என்றார்.

"பேசியாச்சுங்க. உங்களுக்கு ஜட்கா வண்டி கூப்பிடட்டுமா?"

மண்டிக்காரர் எழுந்து நின்று என்னென்னவோ சொன்னார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார். மூன்று ரூமும் அந்தச் சாயங்காலமே காலியாயின. ஜட்கா தெருமுனை திரும்பியதும் முதலாளி உள்ளே வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

ராட்டினம்

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அஞ்சலை என்னையும் மைதானத்துக்குக் கூப்பிட்டாள். மூன்று பிள்ளைகளை இரண்டு பேர் பிடிக்க முடியாது என்று காரணம் சொன்னாள். எதிரிலேயே குடியிருந்தும் நான் அதுவரை ராட்டினத்தில் ஏறியதில்லை.

ராட்டினத் தொட்டியில் ஏறி உட்கார்ந்ததும் பிள்ளைகள் ஆர்ப்பாட்டம் பண்ணின. மெல்ல மேலே போனது. மலைக்கோயில் தெரிந்தது, தேரின் துணிச் சீலைகள் தெரிந்தன, எங்கள் லாட்ஜின் மொட்டை மாடியில் நான் காயப்போட்டிருந்த பெட்ஷீட்டுகள் தெரிந்தன. பக்கத்தில் பார்த்தால் துரைராஜ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, சுரங்கத்துல அவ்வளவு ஆழம் போற ஆளு நீங்க!" என்றேன்.

"கீழ போறது பழகிப்போச்சும்மா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "மேல யாரும் என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல."

செல்வி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது. "ஒண்ணும் ஆகாதுப்பா. கண்ணத் தொற. எங்க ஊரு கூட தெரியுது பாரு," என்றது. கோலார் எங்கே தெரியப்போகிறது? அவர் கண்ணைத் திறந்து, மகள் கைகாட்டிய பக்கம் பார்த்து, "ஆமாம்மா, தெரியுது," என்றார்.

பிறகு நடந்தது

மண்டிக்காரர் திரும்பி வரவில்லை. அவரோடு இன்னும் சில வியாபாரிகளும் நின்றுவிட்டார்கள். அந்த மாதம் பூராவும் முதலாளி என்மேல் எரிந்து விழுந்தார். தலையணை உறை அழுக்கு, வாசல் கோலம் கோணல், கொசுவலையில் ஓட்டை என்று தொட்டதற்கெல்லாம் குற்றம். நல்ல காரியம் செய்தவர்கள் எல்லோரும் அதனால் சந்தோஷமாக இருந்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். அவருக்குத் தூக்கம் கெட்டுத்தான் போயிருந்தது. நானும் அவரிடம் வாய் கொடுக்காமல் வேலையைப் பார்த்தேன். வேலையை விட்டுப் போ என்று மட்டும் அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு மாலூர் பஸ்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். "துரைராஜ் அனுப்பினாரு. பிள்ளைங்களுக்கு நல்ல ரூம்னு சொன்னாரு," என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேச்சு பரவியிருந்தது. கீழே நான்கு ரூமும் போதாமல், மாடி ஜன்னல்களுக்குக் குறுக்குக் கம்பி அடிக்க ஆசாரியை வரச்சொன்னார் முதலாளி. படிக்கு மரக்கதவும் வைத்தார். ஊரில் எங்கள் லாட்ஜுக்குக் கோலார் லாட்ஜ் என்றே பேர் வந்துவிட்டது. சிலர் அதைக் கேலியாகச் சொன்னார்கள். முதலாளி கொஞ்ச நாள் முகம் சுளித்தார், அப்புறம் அவரே அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்.

இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு எப்படிப்பட்ட ரூம் கொடுக்கவேண்டும் என்று. தரைமட்டம், நெருக்கமான கம்பி, கிட்டத்தில் கக்கூஸ், வெந்நீர், பால். இதெல்லாம் அவசியம்தான், எல்லாம் சொல்லித் தருவேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. கவுன்ட்டரில் அப்பாவிடம் பேசும்போது, அந்த வீட்டின் மூத்த பிள்ளையை ஒரு தடவை பாருங்கள். சின்னதுகளுக்கு எதுவும் தெரியாது, எங்கே போட்டாலும் தூங்கிவிடும். மூத்தது மட்டும் நாம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு நிற்கும். அதன் காதில் விழக்கூடாத கேள்வியை அதன் அப்பாவிடம் கேட்காதீர்கள்.

முதலில் அந்தப் பிள்ளையைப் பாருங்கள், பிறகு கட்டிலைக் காட்டுங்கள்.