மலை இறங்கும் பஸ்ஸும் நீர் மாத்திரையும்

சின்னப்பொண்ணு அக்காவை ஸ்கேன் டேபிளில் படுக்கவைத்ததுமே மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மலைமேல் நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். நான் அப்போது சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சி.டி. டெக்னீஷியன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாதாக்கா?" என்று சிடுசிடுத்தேன். நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

அது அவருக்கு இரண்டாவது ஸ்கேன். முதல் ஸ்கேனில் நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் பெருத்திருந்தன. அக்காவுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம்; அதனால் உடம்பில் நீர் தேங்கினாலும் அவை வீங்கும். நீர் வடிந்தால் வற்றிவிடும். ஆனால் அக்கா நீர் மாத்திரையைத் தவறாமல் போடுவதாகச் சொல்லியிருந்தார். மாத்திரைக்கும் வற்றவில்லை என்றால் புற்றாக இருக்கலாம், வாய் வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும் என்றார் டாக்டர். அந்த இதயம் அதைத் தாங்குமா என்பது அவருக்கே சந்தேகம். மகள் செல்வி வெளியே அழுதுகொண்டிருந்தாள்.

அக்காவின் காலைப் பார்த்தேன். நீர் கோத்து வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டேன்.

"இன்னிக்கு எப்படிங்க போடறது? போட்டா அரை மணிக்கு ஒருக்கா ஒதுங்கணும். பஸ்ஸை எந்த வளைவுலங்க நிறுத்தச் சொல்றது?"

"மத்த நாளு?"

"பறிப்பு நாள்ல காட்டுல எங்கீங்க ஒதுங்கறது, ஆம்பளைங்க நிப்பாங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுல இருக்கறப்ப தவறாம போட்டுருவனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. முதல் தடவையும் நான்தான் அவரிடம், "மாத்திரை போடறீங்கல்ல?" என்று கேட்டு, தலையாட்டியதும் டிக் அடித்தவள். உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். சதை எடுப்பதை நிறுத்திவைத்து, அட்மிட் செய்து ஊசியில் நீரை இறக்கினார்கள். அப்புறம் அடிவாரத்தில் செல்வி வீட்டில், மாத்திரை ஒரு நாளும் தவறாமல், ஒரு மாதம். மாத்திரை நேரத்தையும் பறிப்பு முடிந்து திரும்பும் சாயங்காலத்துக்கு மாற்றிக் கொடுத்தார் டாக்டர்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மாத்திரை போடறீங்களா என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். எந்த நாள் போடுவதில்லை என்று கேளுங்கள்.

மூன்றாவது ஸ்கேனுக்கு அக்கா மல்லாந்து படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். படத்தில் நெறிக்கட்டிகள் பாதிக்கு மேல் வற்றியிருந்தன. சந்தோஷம் தாங்காமல் தோளைத் தட்டி எழுப்பினேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாதா கண்ணு?"